ஸ்கேர்ட்டிங் பலகை சுவரில் நிற்குதில்லை, பசை பிழையா சுவர் பிழையா?

உப்புவெளி வீடு:
வணக்கம். எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட. பெரிய அறைக்கு நாலு அங்குல ஸ்கேர்ட்டிங் பலகை, அதாவது சுவரின் அடியில் நிலத்தை ஒட்டி ஓடுகிற பலகை, வைக்க நினைத்தேன். ஆணி அடித்தால் பழைய பூச்சு பொலபொலவென்று கொட்டுது, அதனால் டியூப்பில் வருகிற பலகை ஒட்டும் பசையும் அதை அமத்தித் தள்ளுகிற கன்னும் ஹாட்வெயார் கடையில் வாங்கி நானே ஒட்டினேன். இரண்டு கிழமை நன்றாக நின்றது. போன வெள்ளி இரவு ஒரு நீளத் துண்டு அப்படியே கழன்று விழுந்துவிட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பசை கோடு கோடாகப் பலகையிலேயே இருக்கிறது, அதன் மேல் சுவரின் மஞ்சள் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்திருக்கிறது. இதைவிடப் பலமான பசை வாங்க வேண்டுமா? மற்றது, கன்னை அமத்துவதை விட்ட பிறகும் பசை வழிந்துகொண்டே இருக்குது, நிலமெல்லாம் நாசம். இரண்டாவது டியூப்பில் பசை பின்பக்கத்தால் வந்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

தம்பலகாமம் ஓடாவி:
தம்பி, உங்கட பசை நல்ல பசை. பெயின்ட்டையே உரித்துக்கொண்டு வந்திருக்கிறதென்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, விட்டது பெயின்ட்தான். பலகையின் பாரத்தைச் சுவர் தாங்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த பெயின்ட் தாங்கியது, அதுவும் இரண்டு கிழமைதான். இன்னும் பலமான பசை வாங்கினாலும் இதுதான் நடக்கும், காசு மட்டும் கூடப் போகும்.
பலகை வருகிற உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, அதற்குக் கீழே பெயின்ட், அதற்கு அடியில் பூசியிருக்கிற ஃபில்லர் எல்லாவற்றையும் சீமெந்துப் பூச்சு தெரியும்வரை சுரண்டுங்கள். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், கையில் வெள்ளைத்தூள் ஒட்டினால் இன்னும் சுத்தமாகவில்லை. பலகையின் பின்பக்கத்தையும் சாண்ட் பேப்பரால் ஒருக்கால் இழுத்துவிடுங்கள். பசை தின்னர் மணக்கிற வகை என்றால் பலகையைச் சுவரில் அழுத்தி, உடனே கழற்றி, ஒரு சில நிமிடம் காற்றுப்பட விட்டுத் திரும்ப அழுத்த வேண்டும். எவ்வளவு நேரம் என்று டியூப்பிலேயே போட்டிருப்பார்கள். கச்சான் என்கிற காய்ந்த சுடுகாற்று அடிக்கிற நாளில் அந்த நேரத்தையும் நம்ப வேண்டாம், மேலே சீக்கிரமே தோல் பிடித்துவிடும், பிறகு அழுத்தினாலும் ஒட்டாது. அதனால் ஒரு பலகைக்குப் பசை வைத்து அதை ஒட்டி முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

நிலாவெளி அக்கா:
ஓடாவி ஐயா சொன்னது சரி, ஆனால் சுரண்டுவதற்கு முதல் சுவரில் ஈரம் இருக்கா என்று பாருங்கோ. எங்கள் வீட்டில் வாடைக்காற்று மழை முடிந்த கையோடு தை மாதம் ஒட்டி, மூன்று பலகை விழுந்தது. ஒரு முழ அகலப் பொலித்தீனைச் சுவரின் அடியில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. உள்பக்கம் நீர்த்துளி பிடித்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் பிடித்தால் அது காற்றின் ஈரம், பயப்பட வேண்டாம். உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். உப்பு கரைந்து உள்ளே போய்ப் பிறகு திரும்பவும் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கோ.

அலுமினிய வேலை:
கன்னைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது தடியில் பல் வெட்டிய மலிவுக் கன் என்று நினைக்கிறேன். அது சிலிக்கனுக்குக் காணும், இந்தத் தடித்த பசைக்குக் காணாது. முழுப் பலத்தோடு அமத்தும்போது முன்னால் இருக்கிற வட்டத்தகடு சரிந்து, டியூப்பின் அடிமூடியை ஒரு பக்கமாகத் தள்ளும். பசை பின்னால் வந்தது அதனால்தான். பல் இல்லாத வழுவழுப்புத் தடி உள்ள கன்னாகப் பாருங்கள், பெட்டியில் 18:1 அல்லது அதற்குக் கூட என்று போட்டிருக்கும். அதாவது கை அமத்துகிற பலத்தைப் பதினெட்டு மடங்காக்கித் தள்ளும்.
வழிவதற்குக் காரணம் டியூப்புக்குள் நிற்கிற அமுக்கம். கோடு முடிய ஒரு அங்குலம் இருக்கும்போதே பின்னால் இருக்கிற சின்னத் தகட்டைப் பெருவிரலால் அமத்தித் தடியை ஒரு இழுப்பு பின்னுக்கு இழுங்கள். பல் கன் என்றால் தடியைத் திருப்பிப் பல்லை விடுவித்துவிட்டு இழுக்க வேண்டும். இது கைக்குப் பழகினால் நிலத்தில் ஒரு சொட்டும் விழாது.
மூக்கைச் சரிவாக வெட்டுங்கள், ஓட்டை ஆறு மில்லிமீற்றர் போதும். அந்தத் தடிப்பில் 300 மில்லி டியூப் ஒன்று ஏறக்குறைய பத்து மீற்றர் போகும். வெட்டியதும் உள்ளே இருக்கிற மூடியை நீளக் கம்பியால் குத்த மறக்க வேண்டாம். பலர் அதைக் குத்தாமல் அமத்தித்தான் டியூப்பை வெடிக்க வைக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழ் டியூப்பை வைக்கவும் வேண்டாம்.

உப்புவெளி வீடு:
எல்லோருக்கும் நன்றி. பொலித்தீன் ஒட்டிப் பார்த்தேன், அக்கா. மூன்று சுவரில் உள்பக்கம் காய்ந்துதான் இருக்கிறது, குளியலறைப் பக்கச் சுவரில் மட்டும் துளி துளியாகப் பிடித்திருக்கிறது. அந்தச் சுவரை இப்போதைக்கு விட்டுவிட்டு, முதலில் குழாய் ஒழுகுதா என்று பார்க்கப் போகிறேன். மற்றச் சுவர்களைச் சுரண்டத் தொடங்கிவிட்டேன், ஃபில்லர் ஒரு சல்லிக்காசுத் தடிப்புக்கு ஏடு ஏடாக வருகிறது. இன்னொன்று, மிச்சப் பசையால் ஒரு நிலைக்கண்ணாடியையும் ஒட்டலாமா?

அலுமினிய வேலை:
வேண்டாம். தின்னர் மணக்கிற பசை கண்ணாடியின் பின்பூச்சை அரிக்கும், கொஞ்ச நாளில் கறுப்புப் புள்ளி விழும். புளித்த வினாகிரி மணக்கிற சிலிக்கனும் அப்படித்தான், அது சீமெந்திலும் சரியாகப் பிடிக்காது. கண்ணாடிக்கென்று எழுதியிருக்கிற, புளிப்பு மணக்காத நியூட்ரல் வகைச் சிலிக்கனைக் கேட்டு வாங்குங்கள். கோடுகளை மேலிருந்து கீழாகப் போடுங்கள், குறுக்கே போட்டால் பின்னால் வடிகிற தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும்.