டயப்பர் புண் ஆறவே இல்லை, நாக்கிலும் வெள்ளை. என்ன செய்யலாம்?

மதுரைக்காரி: பாப்பாவுக்கு 10 மாதம். காதில் சீழ் என்று டாக்டர் அமாக்சிசிலின் சிரப் கொடுத்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டு, அப்புறம் டயப்பர் போடும் இடமெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. தொடையிடுக்கு மடிப்புக்குள்ளேயும் சிவப்பு, அதன் ஓரத்தைத் தாண்டி கடுகு இறைத்த மாதிரி தனித்தனிப் பொரி. தேங்காய் எண்ணெய், பவுடர் எதற்கும் அடங்கவில்லை. நாக்கில் இருக்கும் வெள்ளை, துடைத்தாலும் போகவில்லை. மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள், குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசால் என்று போட்டிருக்கிறது. மாமியார் நாக்கில் தேன் தடவச் சொல்கிறார்.

நர்ஸ் அக்கா: தேன் வேண்டவே வேண்டாம்மா, ஒரு வயது முடியும் வரை கூடாது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். அந்த ட்யூப்பையும் தூர வையுங்கள். குளோபெட்டசால் மிகக் கடுமையான ஸ்டீராய்டு, டயப்பருக்குள் மூடிக்கிடக்கும்போது இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும், தோல் மெலிந்துபோகும். நீங்கள் சொல்வது காண்டிடா, அதாவது ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று மாதிரி இருக்கிறது. வெறும் ஈரத்தால் வரும் புண் பெரும்பாலும் மடிப்பை விட்டுவிடும், இது மடிப்புக்குள்தான் குடியிருக்கும். ஈஸ்ட்டை அடக்கி வைக்கும் நல்ல பாக்டீரியாவையும் ஆன்டிபயாடிக் கொன்றுவிடுவதால் வருவது. டாக்டரிடம் காட்டினால் பெரும்பாலும் 1% குளோட்ரிமசால் க்ரீம்தான் எழுதுவார், மேலே ஜிங்க் ஆக்சைடு பூசலாம். வாய்க்குத் தனி மருந்து. சிரப்பை மட்டும் நீங்களாகப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

கோவை அப்பா: வயிற்றில் ஈஸ்ட் பெருகிவிட்டது சிஸ், சோறு, பழம், இனிப்பு எல்லாம் நிறுத்துங்கள், தானாகப் போகும்.

நர்ஸ் அக்கா: தம்பி, வளரும் குழந்தைக்குச் சோற்றையும் பழத்தையும் நிறுத்தினால் எடைதான் குறையும், தொடையிடுக்குப் புண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இரட்டையர் அம்மா: தாய்ப்பால் கொடுக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் காம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சல், வலி இருந்தால் இருவருக்கும் சேர்த்தே வைத்தியம், இல்லாவிட்டால் மாறி மாறி ஒட்டிக்கொள்ளும். பால்பாட்டில் ரப்பரைக் கொதிக்க வையுங்கள். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். கழுவி, ஒற்றியெடுத்து, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் டயப்பர் இல்லாமல் விடுங்கள், பாய் நனைந்தால் நனையட்டும்.

மதுரைக்காரி: தாய்ப்பால்தான் அக்கா, காம்பு எரிச்சலும் இருக்கிறது! ட்யூப்பைத் திறக்கவில்லை. இன்னொன்று, ஆசனவாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருக்கிறது, ஆய் போகும்போது வீறிட்டு அழுகிறாள். இதுவும் ஈஸ்ட்டா?

நர்ஸ் அக்கா: அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். பொரி இல்லாமல், கோடு போட்ட மாதிரி ஓரம் தெரியும் சிவப்பு என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம், ஈஸ்ட் க்ரீமுக்கு அது கேட்காது. பஞ்சில் தொட்டு, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சீழ்க்கொப்புளம், மஞ்சள் பொருக்கு, மறுபடி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, இதில் எது வந்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போங்கள். சிரப் பாட்டிலையும் அந்த ட்யூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.