ஜெனித் சி.ஹெச். 750 + ரோடாக்ஸ் 912: வயர் அளவு, ரெகுலேட்டர், எர்த், ஹெட்செட் இரைச்சல்

செம்பருந்து (கேள்வி):

வணக்கம். நானே கட்டிவரும் ஜெனித் சி.ஹெச். 750 சிறு விமானக் கிட், உடற்கூடு முடிந்து ரோடாக்ஸ் 912 யு.எல்.எஸ். எஞ்சின் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவர்) ஏறிவிட்டது. இப்போது வயரிங். சாமான்கள்: 10 அங்குலத் திரை ஒன்று, வி.ஹெச்.எஃப். ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் தரும் கருவி), இன்டர்காம், எல்.இ.டி. நேவிகேஷன்–ஸ்ட்ரோப் விளக்குகள், இடது இறக்கையில் எல்.இ.டி. லேண்டிங் லைட், துணை எரிபொருள் பம்பு. பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் வைப்பதாகத் திட்டம்.

1. லேண்டிங் லைட் 3 ஆம்பியர் இழுக்கிறது, பேனலிலிருந்து 5 மீட்டர் தூரம். எத்தனை கேஜ் வயர் (எண் குறையக் குறைய வயர் தடிமன்)?
2. ஃப்யூஸா, பிரேக்கரா?
3. ரெகுலேட்டர் (ஜெனரேட்டர் மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி) வெளியீட்டில் 22,000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போடச் சொல்கிறார்கள். பேட்டரி இருக்கும்போது அது எதற்கு? 'சி' முனையை எங்கே இணைப்பது?
4. தற்காலிகமாக இணைத்துப் பார்த்ததில், லேண்டிங் லைட்டைப் போட்டதும் ஹெட்செட்டில் கீச்சென்று ஒரு சத்தம். ரேடியோ ஸ்கெல்ச்சும் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைப்பது) தானாகத் திறந்துகொள்கிறது. எஞ்சின் ஓடவில்லை, பேட்டரியில் மட்டுமே பார்த்தேன்.

வலவன்:

முதல் இரண்டு கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வயருக்கு இரண்டு சோதனை உண்டு: சூடு, வோல்டேஜ் இறக்கம். எது தடிமனான வயரைக் கேட்கிறதோ அதைப் போட வேண்டும். எஃப்.ஏ.ஏ.வின் (அமெரிக்க விமானத்துறை) ஏ.சி. 43.13-1பி வழிகாட்டி, 11ஆம் அத்தியாயத்தில் 14 வோல்ட் அமைப்புக்கு உள்ள வரம்பு: தொடர்ந்து ஓடும் லோடுக்கு 0.5 வோல்ட் இறக்கம், விட்டுவிட்டு ஓடுவதற்கு 1 வோல்ட்.

விமானங்களில் போடும் எம் 22759/16 டெஃப்செல் வயரின் தடை மீட்டருக்குச் சுமாராக: 22 கேஜ் 53 மில்லி ஓம், 20 கேஜ் 33, 18 கேஜ் 21, 16 கேஜ் 16, 14 கேஜ் 10. உங்கள் விளக்கின் எர்த் இறக்கைத் தகடு வழியாகத் திரும்பினால் 5 மீட்டர்தான் கணக்கு: 20 கேஜில் 3 × 5 × 33 = 495 மில்லிவோல்ட், அதாவது 0.5 வோல்ட், வரம்பின் விளிம்பு. 18 கேஜில் 0.32 வோல்ட். எர்த்துக்கும் தனி வயர் இழுத்தால் தூரம் 10 மீட்டர், 18 கேஜில் 0.63 வோல்ட். தனி வயரே இழுங்கள், 18 கேஜே போதும். லேண்டிங் லைட் எந்நேரமும் எரிவதல்ல. பல எல்.இ.டி. டிரைவர்கள் (விளக்குக்குள் கரன்ட்டைச் சீராக்கும் சுற்று) 10 வோல்ட்டிலும் அதே வெளிச்சம் தருபவை (விளக்கோடு வந்த தாளில் உள்ளீட்டு வோல்டேஜ் எல்லையைப் பாருங்கள்). இதற்கு 16 கேஜ் இழுப்பது வீண் எடை. எர்த் ஏன் தனியாக வர வேண்டும் என்பதை இரைச்சல் பற்றி எழுதுபவர்கள் சொல்வார்கள்.

வீட்டு வயரிங்குக்கு வரும் பி.வி.சி. வயரை விமானத்தில் எங்கும் போடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். காக்பிட்டில் அந்தப் புகையோடு தரையிறங்க முடியாது. டெஃப்செல் 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், மேலுறையும் மெல்லியது.

ஃப்யூஸ் வயரைக் காக்கப் போடுவது, கருவியைக் காக்க அல்ல. ஆகவே வயரின் தடிமனை வைத்து, பஸ் (எல்லாக் கருவிக்கும் மின்சாரம் பிரியும் பட்டை) பக்கத்து முனையிலேயே போட வேண்டும். அதே ஏ.சி. 43.13-1பி அட்டவணைப்படி உச்ச அளவு: 22 கேஜுக்கு 5 ஆம்பியர் ஃப்யூஸ், 18க்கு 10, 14க்கு 15, 12க்கு 20, 10க்கு 30. இது மேல் வரம்பு. அரை ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு 2 ஆம்பியர் போட யாரும் தடை சொல்லவில்லை.

பெரும்பாலானவற்றுக்குக் கத்தி ஃப்யூஸ் (கார்களில் உள்ள வகை) பெட்டியே நல்லது: எடை குறைவு, விலை குறைவு, இணைப்புகளும் குறைவு. பறக்கும்போது போன ஃப்யூஸை மாற்றும் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஃப்யூஸ் போனால் அந்தக் கருவி இல்லாமலே இறங்க முடிகிற மாதிரி லோடுகளைப் பிரித்துவிடுங்கள்.

ஈயக்குண்டு:

வலவன் சார் சொன்னதில் ஒரு திருத்தம். இழுத்து அணைக்கும் பிரேக்கர் இரண்டு இடத்திலாவது வேண்டும்: ஆட்டோபைலட், மின் டிரிம் (கட்டுப்பாட்டுத் தண்டின் பாரத்தைச் சமன் செய்வது). டிரிம் மோட்டார் நிற்காமல் ஓட ஆரம்பித்தால் கை உடனே போய் இழுக்கும் இடத்தில் பிரேக்கர் இருக்க வேண்டும், ஃப்யூஸ் பெட்டி இருக்கைக்கு அடியில் இருந்தால் பயனில்லை. உங்கள் சாமான் பட்டியலில் இரண்டும் இல்லை. பின்னால் சேர்ப்பதாக இருந்தால் பேனலில் இப்போதே இரண்டு ஓட்டைக்கு இடம் விடுங்கள்.

இனி ரெகுலேட்டர். 912இன் உள் ஜெனரேட்டர் நிலைக்காந்த வகை. நிமிடத்துக்கு 5,800 சுற்றில் சுமார் 250 வாட், அதாவது 18 ஆம்பியர்தான். டாக்ஸி வேகத்தில் இதைவிட மிகக் குறைவு. எனவே முதலில் லோடு கணக்குப் போடுங்கள்: திரை, ரேடியோ (பேசும்போது கூடுதலாக 2 ஆம்பியர்), டிரான்ஸ்பாண்டர், விளக்குகள், பம்பு. மாஸ்டர் கான்டாக்டரின் (பேட்டரியை மொத்த அமைப்போடும் இணைக்கும் பெரிய ரிலே) காயிலே முக்கால் ஆம்பியர் தின்னும், இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். தொடர் லோடு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 14 ஆம்பியர் சொச்சம்.

கெபாசிட்டர் கட்டாயம், 25 வோல்ட் தாங்குவது. பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை வோல்டேஜ் அலையைப் பேட்டரியே தட்டையாக்கிக்கொள்ளும். பறக்கும்போது மாஸ்டர் கான்டாக்டர் விட்டுப்போனாலோ பேட்டரி லக் (வயர் முனையில் அமுக்கும் உலோகத் துண்டு) கழன்றாலோ ரெகுலேட்டருக்குப் பிடிமானம் இருக்காது. வெளியீடு தாறுமாறாக ஏறி இறங்கும், அந்த அடியைத் திரையும் ரேடியோவும் வாங்கும். லித்தியம் பேட்டரி போடுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதன் உள் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் தானாகவே துண்டிக்கக்கூடும்.

'சி' முனைதான் ரெகுலேட்டர் வோல்டேஜைப் பார்க்கும் கண். பேட்டரி பாசிட்டிவிலிருந்து அதற்குப் போகும் வழியில் தேய்ந்த சுவிட்சோ தளர்ந்த லக்கோ இருந்து அரை வோல்ட் இறங்கினால், ரெகுலேட்டர் பேட்டரி பசியில் இருப்பதாக எண்ணி அரை வோல்ட் ஏற்றிக் கொடுக்கும். 'சி'யில் இறக்கத்தை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியீட்டு வயர் 10 கேஜ், 30 ஆம்பியர் ஃப்யூஸ்.

அந்த ரெகுலேட்டரின் உலோக உடம்பேதான் அதன் எர்த். பெயின்ட் அடித்த தகட்டிலோ துருவேறா எஃகு ஃபயர்வாலிலோ வெறுமனே முடுக்கினால் தடை கூடும், பெட்டி சூடாகும், சீக்கிரம் போகும். பெட்டியின் போல்ட்டிலிருந்து எர்த் போல்ட்டுக்குத் தனியாக ஒரு 10 கேஜ் வயர் இழுங்கள். வெப்ப வரம்பு 80 டிகிரி. எக்ஸாஸ்டுக்கு எதிரே வைக்காமல், காற்று படும் இடமாகப் பாருங்கள்.

கான்டாக்டர் வாங்கும்போது கவனம். ஸ்டார்ட்டர் வகை விட்டுவிட்டு இயங்குவதற்கானது, மாஸ்டருக்குத் தொடர்ந்து இயங்கும் வகை வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. மாற்றிப் போட்டால் காயில் கருகிவிடும். இரண்டின் காயிலுக்கும் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். டயோடு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் சுவிட்ச் முனையில் தீப்பொறி பாய்ந்து அரித்துவிடும்.

தாழ்வாரம்:

பேட்டரி இருக்குமிடம் பற்றி. இருக்கைக்குப் பின்னால் என்றால் ஸ்டார்ட்டர் வரை கேபிள் மூன்று மீட்டர் போகும். 100 ஆம்பியர் என்று வைத்தால் 6 கேஜில் 0.4 வோல்ட் பாசிட்டிவ் பக்கத்திலேயே போய்விடும், 4 கேஜில் 0.25. பின்பக்கம் எடை தேவைப்பட்டாலொழிய ஃபயர்வாலுக்கு அருகில் வைப்பதே மேல். கேபிளும் குறையும், ஃப்யூஸ் இல்லாமல் ஓடும் வயரின் நீளமும் குறையும். பேட்டரியிலிருந்து மாஸ்டர் கான்டாக்டர் வரையுள்ள துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது, ஒரு சாணுக்குள் முடிய வேண்டும்.

எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, மின்சாரத்துக்கு அது தனித்தீவு. கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் உலோக உடம்பு) ஃபயர்வால் எர்த் போல்ட்டுக்குத் தடித்த பின்னல் பட்டை கட்டாயம். அது விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் கரன்ட் த்ராட்டில், சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் உள்ளேயே பற்றவைத்ததுபோல் இறுகிவிடும். ஆண்டுச் சோதனையில் அந்தப் பட்டையைக் கையால் அசைத்துப் பார்ப்பதோடு விடாமல், ஸ்டார்ட்டர் சுழலும்போது கிராங்க்கேஸுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் அளவிடுங்கள். இக்னிஷன் இரண்டும் அணைந்திருக்கட்டும், புரொப்பெல்லர் வட்டத்துக்குள் ஆள் கூடாது. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு மூட்டு கெட்டிருக்கிறது. ஓம் மீட்டர் இந்த வேலைக்கு உதவாது, மில்லி ஓம் அளவை அது காட்டாது.

இக்னிஷன் அணைப்பு வயர்கள் இரண்டும் ஷீல்டு போட்டவையாக, தனித்தனி டாகிள் சுவிட்சுக்குப் போகட்டும். 912இன் இக்னிஷனுக்குப் பேட்டரி தேவையில்லை. வயர் எர்த் ஆனால் அணையும், அறுந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் அணைந்திருந்தாலும் புரொப்பெல்லரைத் தொடும்போது அது உயிரோடு இருப்பதாகவே எண்ணுங்கள்.

வலவன்:

இரைச்சலுக்கு முன் ஒரு சோதனை செய்து சொல்லுங்கள். லைட் எரியும்போது ரேடியோவின் பின்னால் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள், கேட்க மட்டும். ஆன்டெனா இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தினால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போய்விடலாம். கழற்றியதும் எது நிற்கிறது, எது நிற்கவில்லை? பிறகு இன்டர்காம் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஹெட்செட் ஜாக்கின் உலோகக் கழுத்துக்கும் உடற்கூட்டுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள்.

செம்பருந்து:

நன்றி. ஆன்டெனாவைக் கழற்றியதும் ஸ்கெல்ச் மூடிக்கொண்டது. கீச்சுச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஜாக் நான்கும் 0.3 ஓம் காட்டுகின்றன. லைட்டின் எர்த் இப்போது பேனல் தகட்டில் ஒரு ஸ்க்ரூவில் இருக்கிறது.

வலவன்:

அப்படியானால் உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு.

கீச்சுச் சத்தம் எர்த் வழியாக வருகிறது. லைட்டின் டிரைவர் கரன்ட்டை வெட்டி வெட்டி இழுக்கிறது, அது பேனல் தகட்டில் திரும்பும்போது சில மில்லிவோல்ட் எழுகிறது. ஜாக்கும் அதே தகட்டைத் தொடுவதால் அந்த மில்லிவோல்ட் மைக் வயரில் கலந்து பெருக்கப்படுகிறது. ஜாக்குகளை நைலான் படிவாஷர் ஜோடியில் மாட்டுங்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், படி ஓட்டைக்குள் உட்கார வேண்டும். மைக் ஜாக், ஃபோன் ஜாக் இரண்டின் எர்த்தும் தகட்டுக்குப் போகாமல் வயர் வழியாக இன்டர்காமுக்கே திரும்பட்டும். வயரின் ஷீல்டை இன்டர்காம் முனையில் மட்டும் இணைத்து, ஜாக் முனையில் வெட்டிச் சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். மறுபடி அளந்தால் மீட்டர் எல்லையில்லை என்று காட்ட வேண்டும்.

லைட்டின் எர்த்தை பாசிட்டிவ் வயரோடு முறுக்கி, ஃபயர்வாலில் உள்ள ஒரே எர்த் போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பித்தளைத் தகட்டில் கால் அங்குல நாக்குகள் வரிசையாக வைத்து, அதைப் பித்தளை போல்ட்டில் முடுக்கினால் எல்லாக் கருவிக்கும் ஒரே இடம் கிடைக்கும். முறுக்கிய ஜோடி திசைகாட்டிக்கும் நல்லது. ஒற்றை வயர் அருகில் போனால், விளக்கைப் போட்டதும் ஊசி நகரும்.

ஸ்கெல்ச் திறப்பது ஆன்டெனா வழியாக வருவது. டிரைவரின் இரைச்சல் 118–137 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. ஃபெரைட் வளையத்தை (ரேடியோ இரைச்சலை விழுங்கும் காந்தப்பொருள்) விளக்கின் முனையிலேயே போடுங்கள். 31 அல்லது 43 எண் ஃபெரைட் கலவை, இரண்டு வயரும் சேர்ந்து மூன்று நான்கு சுற்று. பேனல் பக்கம் போட்டால் பயனில்லை, இடையிலுள்ள 5 மீட்டர் வயர் ஆன்டெனாவாகவே வேலை செய்யும். அப்படியும் போகாவிட்டால் விளக்கை மாற்றுங்கள். ஃபில்டர் மேல் ஃபில்டராக அடுக்குவதில் அர்த்தமில்லை.

ஆன்டெனா கேபிள் ஆர்.ஜி. 58 என்றால் இப்போதே ஆர்.ஜி. 400 ஆக்குங்கள், இரட்டை ஷீல்டு.

ஈயக்குண்டு:

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்கலாம். சுற்றுக்கேற்ப ஏறி இறங்கினால் அது ஜெனரேட்டர். ரெகுலேட்டர் எர்த்தையும் கெபாசிட்டரையும் பாருங்கள்.

ஜி.பி.எஸ். ஆன்டெனாவையும் சோதித்துவிடுங்கள். 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய ஒவ்வொன்றிலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரத்தில் அரை நிமிடம் பேசும் பட்டனை அழுத்துங்கள். இவற்றின் 12ஆம், 13ஆம் மடங்குகள் ஜி.பி.எஸ்.ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸை ஒட்டி விழுகின்றன. திரையில் செயற்கைக்கோள் சிக்னல் பட்டைகள் சரிந்தால் இரண்டு ஆன்டெனாவையும் இன்னும் தள்ளி வையுங்கள்.

தாழ்வாரம்:

லக் பற்றி யாரும் சொல்லவில்லை. உள்ளே செப்பு உறை உள்ள நைலான் லக், ராட்செட் கிரிம்பர் (லக்கை வயரில் அமுக்கும் கருவி): சிவப்பு 22–16 கேஜ், நீலம் 16–14, மஞ்சள் 12–10. கையில் அமுக்கும் மலிவு இடுக்கி கம்பியை மட்டும் பிடிக்கும், மேலுறையைப் பிடிக்காது. அதிர்வு நேராகக் கம்பிக்கே போகும். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு அளவிலும் மூன்று மாதிரி அடித்து இழுத்துப் பாருங்கள். 22 கேஜ் 7 கிலோவும், 18 கேஜ் 17 கிலோவும் தாங்க வேண்டும்.

எஞ்சின் பக்கம் ஈயம் வைத்த மூட்டு வேண்டாம். ஈயம் மேலுறைக்குள் ஊறி, ஊறிய இடத்தில் வயர் குச்சியாகிவிடும். குச்சி முடியும் இடத்தில்தான் அறும். டி-சப் கனெக்டருக்கு (கருவிகளின் பின்னால் உள்ள பல பின் கனெக்டர்) நான்கு பக்கம் அமுக்கும் கிரிம்பரில் கடைந்த பின்களையே போடுங்கள்.

வயர்க் கட்டுகளுக்கு 60 சென்டிமீட்டருக்குள் ஒரு மெத்தை கிளாம்பு. எரிபொருள் குழாயோடு போகும் இடத்தில் வயர் மேலே, 15 சென்டிமீட்டர் விலகி. ஃபயர்வால் துளையில் வெறும் ரப்பர் குரோமெட் போட்டால் தீயில் முதலில் உருகுவது அதுதான். துருவேறா எஃகுக் குழாய்த் துண்டு, தீயுறை, கிளாம்பு, தீத்தடுப்புப் பசை, இந்த வரிசையில். இறக்கைத் தோலை மூடும்முன் உள்ளே பிளாஸ்டிக் குழாயும் ஒரு நைலான் கயிறும் விட்டுவையுங்கள், பிட்டோ ஹீட்டர் (வேகம் அளக்கும் குழாயின் சூடேற்றி) பின்னால் வந்தால் அதிலேயே இழுக்கலாம்.