அசோசியேசனுக்கு எந்தச் சொல்: தொடர்பா, உடனிகழ்வா?

நுவரெலியாவிலிருந்து, சமூக மருத்துவம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தோட்டப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கான தொற்றுநோயியல் கையேட்டின் வரைவில் 'அசோசியேசன்' (association, இரண்டு விடயங்கள் சேர்ந்தோ விலகியோ வரும் போக்கு) வரும் இடமெல்லாம் 'தொடர்பு' என்று இருக்கிறது. அதை மாற்றியே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

'தொடர்பு' நடுநிலையான சொல் அல்ல. "கொள்ளையில் மூவருக்குத் தொடர்பு" என்று பத்திரிகை எழுதினால், அந்த மூவரும் குற்றவாளிகள் என்றே மனம் முடிவு கட்டிவிடுகிறது. "களைநாசினிக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு" என்ற தலைப்பையும் அதே மனத்தோடுதான் வாசிக்கிறோம். அந்தச் சந்தேகத்தில் 2015இல் இலங்கையில் கிளைபோசேட் என்ற களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. உலர்வலயத்துச் சிறுநீரக நோயின் காரணம் இன்றும் தீர்ந்தபாடில்லை. அதே களைநாசினியைப் பயன்படுத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் அந்த நோய் ஏன் அப்படிப் பரவவில்லை என்பது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 'தொடர்பு' என்று எழுதியதும் அந்தக் கேள்வி எழாமலே போகிறது. 'கோசேசனுக்கு' (causation, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது) நாம் இட்டிருக்கும் 'காரணகாரியத் தொடர்பு' என்பதிலும் இதே சொல் வருவதால் இரண்டும் இன்னும் நெருங்கிவிடுகின்றன.

நம் இலக்கணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் கருவி, கருத்தா (செய்பவர்), உடனிகழ்வு (கூடவே நிகழ்வது) என்று மூன்று பொருள் சொல்கிறது. இன்றைய வழக்கில் முதல் இரண்டுக்கும் 'ஆல்', மூன்றாவதற்கு 'ஓடு'. புகையோடு வரும் நோய் வேறு, புகையால் வரும் நோய் வேறு. ஆகவே அசோசியேசன் = உடனிகழ்வு, கோசேசன் = விளைவிப்பு என்று முன்மொழிகிறேன். பழைய நூல்களில் 'ஒடு' கருவிப் பொருளிலும் வரும் என்பது தெரியும். இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை.

கோசேசனுக்கு 'ஏது' என்ற சொல்லையும் சிலர் பரிந்துரைத்திருந்தார்கள். பழைய தருக்கத்தில் ஏது என்பது ஒன்றை அறிந்துகொள்ளத் துணைநிற்பது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிகிறோம். அங்கே புகைதான் ஏது. ஆனால் நெருப்பை உண்டாக்கியது புகை அல்ல. நமக்கு வேண்டிய வேறுபாட்டையே அந்தச் சொல் கலைத்துவிடும்.

பண்டாரவளையிலிருந்து, புள்ளிவிபரவியல் கற்பித்தல்

டொக்டர், வணக்கம்.

'விளைவிப்பு' சரி. 'உடனிகழ்வு' மீது எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. இரண்டு விடயங்கள் ஒருவரிடமே இருப்பதை மட்டும் நாம் அசோசியேசன் என்பதில்லை. குருதிச்சோகை உள்ள தாய்மார் 100 பேரில் 95 பேர் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொல்லின் நேர்ப்பொருளில் அது உடனிகழ்வுதான். சோகை இல்லாத 100 பேரிலும் 95 பேர் குடிப்பார்களானால் அங்கே அசோசியேசன் எதுவும் இல்லை. ஒப்பிட ஒரு குழு இல்லாமல் இந்தச் சொல்லுக்கு உயிரே கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் மரக்கறி உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. இது உறுதியான உயிர்வேதியியல். ஆனால் எல்லோரும் ஒரேமாதிரிக் குடிக்கும் தோட்டத்தில் குடிப்போர், குடிக்காதோர் என்று பிரித்து எண்ணினால் எதுவும் தென்படாது. விளைவிப்பு இருந்தும் உடனிகழ்வு காணாமல் போகும் இடம் இது. கையேட்டில் இதற்கு ஒரு பத்தி அவசியம் வேண்டும்.

செருப்பு அணிவோரிடம், வெறுங்கால் வழியே புகுந்து குருதி உறிஞ்சும் குடற்புழுவான கொழுக்கிப்புழு குறைவு. அதுவும் அசோசியேசன்தான், எதிர்த்திசையில். அதை 'உடனிகழ்வு' என்று எப்படிச் சொல்வது? 'இணைபு' என்று மாற்றலாம் என்றால், பாடநூலில் இணைபுக் குணகம் (correlation coefficient) ஏற்கெனவே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது.

நுவரெலியாவிலிருந்து

சேர், ஆட்சேபம் நியாயமானது. சொல்லை விடாமல் வரையறையை இறுக்கலாம் என்பது என் எண்ணம். ஒன்றையொன்று சாராதிருந்தால் எத்தனை முறை சேர்ந்து வருமோ, அதைவிடக் கூடுதலாக வந்தால் 'மிகை உடனிகழ்வு', குறைவாக வந்தால் 'குறை உடனிகழ்வு'. செருப்பும் கொழுக்கிப்புழுவும் குறை உடனிகழ்வு. பிளேன்டீ எடுத்துக்காட்டில் இரண்டும் இல்லை.

அடுத்த சிக்கல் 'கன்பவுண்டர்' (confounder), அதாவது பழக்கத்தோடும் நோயோடும் சேர்ந்து நின்று கணக்கைத் திரிக்கும் மூன்றாவது காரணி. 'குழப்பும் காரணி' என்று எழுதினால் அது கணக்கைக் குழப்புகிறது என்பது மட்டும் விளங்கும், எப்படி என்பது விளங்காது. 'பொதுவேர்க் காரணி' என்று வைக்கலாமா? ஒரே வேரிலிருந்து ஒரு கிளை நாம் ஆராயும் பழக்கத்துக்கும் இன்னொரு கிளை நோய்க்கும் போகிறது. கணக்கில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக இட்டவை மட்டுமே.

கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிகள் 200, பறிக்காதோர் 200. பறிப்போரில் 44 பேருக்கும் மற்றோரில் 28 பேருக்கும் 2,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிள்ளை பிறக்கிறது. 22 வீதம், 14 வீதம். விகிதம் ஏறக்குறைய 1.57. கொழுந்து பறிப்பதுதான் காரணம் என்று எழுதத் தோன்றும்.

இனித் தாயின் உயரத்தால் இரண்டு அடுக்காகப் பிரிப்போம். 150 சென்ரிமீற்றருக்குக் குறைந்தோர் பறிப்போரில் 120, மற்றோரில் 40. அவர்களில் எடை குறைந்த பிள்ளை முறையே 36, 12. இரண்டும் 30 வீதம். உயரமானோர் 80, 160. அவர்களில் 8, 16. இரண்டும் 10 வீதம். ஒவ்வொரு அடுக்கிலும் விகிதம் 1 ஆகிவிட்டது. சிறுவயது வறுமை உயரத்தையும் குறைத்திருக்கிறது, மலைக்கு வேலைக்கும் அனுப்பியிருக்கிறது. உயரம் அந்த வேரின் அடையாளமாக இங்கே நிற்கிறது.

உயரத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அது பதின்மவயதோடு முடிந்துவிடுவது, கர்ப்பகால வேலை அதை மாற்றாது. கர்ப்பகாலத்தில் தாய் கூடும் எடை அப்படியல்ல. மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து சுமப்பதால் எடை கூடுவது குறையலாம், அதனால் பிள்ளையின் எடை குறையலாம். அப்போது அது வேர் அல்ல, நடுவழி. 'இடைவழிக் காரணி' என்று தனிச்சொல் வேண்டும். அதன்படி அடுக்குப் பிரித்தால், வேலை உண்மையிலேயே விளைவித்த தீங்கை நாமே கழித்துவிட்டு "வேலையால் கெடுதல் இல்லை" என்று எழுதிவிடுவோம். அந்த முடிவு தோட்ட நிர்வாகத்தின் கையில் போனால் கர்ப்பிணிக்கு இலகு வேலை கேட்பதற்கே இடமிருக்காது. இந்த இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று குழம்பக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தரவு சேர்க்கும்போதும் கவனம் வேண்டும். தொழிலைப் பிரசவ நேரத்தில் கேட்டால், உடல்நிலை மோசமாகி இடையில் வேலையை நிறுத்தியவர்கள் 'பறிக்காதோர்' பக்கம் சேர்ந்துவிடுவார்கள். வேலை நல்லது போலத் தெரியும். ஆகவே கிளினிக்கில் முதற் பதிவின்போதே, கர்ப்பத்தின் 12 வாரத்துக்குள், தொழிலைக் கேட்டு எழுதவேண்டும். உயரத்தை இரண்டே அடுக்காக வெட்டினால் அடுக்குக்குள்ளும் வேறுபாடு மிஞ்சும். பிறப்புகள் போதியளவு இருந்தால் மூன்று நான்கு அடுக்கு நல்லது. ஓர் அடுக்கில் ஐந்தாறு பிறப்புகளே இருந்தால் அந்த வீதத்தை நம்பவேண்டாம்.

விளைவிப்பை முடிவுசெய்யும் இடத்துக்கு வெற்றிலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டுமே புற்றுநோய் விளைவிப்பது என்றது. புகையிலை சேர்க்காததற்குச் சான்று போதவில்லை. புகையிலை இல்லாமல் மெல்லுவோரைத் தனியே ஆராய்ந்த சான்றுகள் சேர்ந்தபிறகு, 2004இல் வெளியான அதன் தொகுதி அதையும், பாக்கையுமே அந்தப் பட்டியலில் சேர்த்தது. மேலே உயரத்தால் பிரித்தபோது உடனிகழ்வு மறைந்தது. இங்கே புகையிலையால் பிரித்தபிறகும் அது நின்றது.

ஓர் உடனிகழ்வு விளைவிப்பா என்று முடிவுசெய்யப் பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் பிராட்போர்ட் ஹில் 1965இல் சொன்ன ஒன்பதையும் 'அளவுகோல்கள்' என்று மொழிபெயர்க்கவேண்டாம். அவர் அவற்றைப் பார்க்கும் கோணங்களாகவே வைத்தார். 'நோக்குகள்' போதும். அவற்றில் தவறவே கூடாதது காரணம் விளைவுக்கு முந்தியிருப்பது மட்டுமே.

ஹட்டனிலிருந்து, குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி

டொக்டர், சேர், இருவருக்கும் வணக்கம். வகுப்பில் 'உடனிகழ்வு' முதலில் கடினமாகத்தான் இருக்கும். "புகையோட வருதா, புகையால வருதா?" என்று கேட்டால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள், சொல் பிறகு தங்கிவிடும். 'பொதுவேர்' மிக நன்று. 'இடைவழிக் காரணி'க்குக் கொழுக்கிப்புழு, குருதிச்சோகை, எடை குறைந்த பிள்ளை என்ற வரிசையையும் சேர்ப்போம். நடுவில் நிற்கும் சோகையை அவர்கள் கிளினிக்கில் தினமும் பார்க்கிறார்கள்.

பயிற்சித்தாளின் அட்டவணைக்கு இந்தத் தலைப்புகளை இடுகிறேன்: முதற் பதிவில் தொழில், உயரம், முதற் பதிவில் எடை, பிரசவத்துக்கு முந்திய எடை, பிறப்பு எடை, கர்ப்ப வாரம். கடைசியானதை விட்டால் குறைமாதப் பிள்ளையும் நிறைமாதத்தில் மெலிந்து பிறந்த பிள்ளையும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும். பிரசவத்துக்கு முந்திய எடைக்கு மேல் 'இடைவழி, அடுக்குப் பிரிக்கவேண்டாம்' என்று அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.