ஒரு ஃப்ரேமுக்குத்தான் பணம் இருக்கிறது: அளவு கொடுத்துச் செய்வது ரோடு சைக்கிளுக்கா, சைக்ளோகிராஸுக்கா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். கோடையில் நீண்ட தூரம் சாலையில் ஓட்டுவேன். இலையுதிர் காலம் தொடங்கியதும் உள்ளூர் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் (சேறும் புல்லும் தடைகளும் உள்ள சிறு சுற்றுப்பாதையில் நடப்பவை) கலந்துகொள்வேன். என் உயரம் 157 செ.மீ.; உயரத்தோடு ஒப்பிட்டால் கால்கள் நீளம், இடுப்புக்கு மேல் குட்டை. இப்போதுள்ள ரோடு சைக்கிள் அந்த நிறுவனம் விற்பதிலேயே மிகச் சிறிய அளவு. குட்டையான 70 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு) பொருத்திய பிறகும் ஹேண்டில்பார் தொலைவாகவே இருக்கிறது. மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கிறது. ரெனால்ட்ஸ் 853 எஃகுக் குழாயில் ஒரு ஃப்ரேமை என் அளவுக்குச் செய்துகொள்ளப் பணம் சேர்த்திருக்கிறேன். இன்னொன்று ஆயத்த ஃப்ரேமாகத்தான் இருக்க முடியும். எந்தச் சைக்கிளுக்கு எதைத் தேர்வது?

மறுமொழி 1

சகோதரி, சிறிய அளவை வாங்கியும் ஹேண்டில்பார் ஏன் எட்டவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். சிறிய அளவுகளில் மேல் குழாயின் நீளத்தைக் குறைப்பதற்காகப் பல நிறுவனங்கள் சீட் டியூபை (சீட்டைத் தாங்கும் குழாயை) 73 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரை செங்குத்தாக்குகின்றன. உங்கள் உயரத்துக்கு சீட், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சுக்குச் சுமார் 65 செ.மீ. மேலே இருக்கும் என்று கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் சீட் ஏறத்தாழ 11 மி.மீ. முன்னால் வருகிறது, பெடலுக்கு மேல் சரியாக உட்கார நீங்கள் அதைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளும்போது, காகிதத்தில் குறைந்த நீளம் உடலுக்குக் குறைவதே இல்லை. அதனால் மேல் குழாயின் நீளத்தை நம்பாமல், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து ஹெட் டியூபின் (முன்பக்கம் ஃபோர்க் நுழையும் குழாயின்) உச்சிவரை உள்ள கிடைத் தொலைவையும் செங்குத்து உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அட்டவணைகளில் இவை ரீச், ஸ்டேக் என்று இருக்கும். ஸ்டேக் ஒத்துப்போகும் இரு ஃப்ரேம்களின் ரீச்சை மட்டுமே ஒப்பிட வேண்டும். ஏனென்றால் ஹெட் டியூப் சரிவாக இருப்பதால் ஸ்டெம்முக்கு அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் (வளையம்) ஏற்றினாலே ஹேண்டில்பார் சுமார் 3 மி.மீ. பின்னால் வந்துவிடும்.

இதைவிட என்னை வருத்துவது ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) விஷயம். கால் இடிப்பதைக் குறைக்க ஹெட் டியூபை 71 டிகிரிக்குச் சாய்த்துவிட்டு, பெரிய அளவுகளுக்குப் போடும் அதே 45 மி.மீ. ஆஃப்செட் (திருப்பும் அச்சுக்கு முன்னால் சக்கர அச்சு தள்ளியிருக்கும் அளவு) உள்ள ஃபோர்க்கைச் சிறியவற்றுக்கும் போடுவது ஆயத்த ஃப்ரேம்களில் அடிக்கடி நடக்கிறது. 25 மி.மீ. டயருடன் 73 டிகிரியில் சுமார் 56 மி.மீ. இருக்கும் ட்ரெயில் (திருப்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தொலைவு) அப்போது 68 மி.மீ. ஆகிவிடுகிறது. திருப்பம் மந்தமாகிறது, குட்டையானவர்கள் அதையே சைக்கிளின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள். 1990களின் இறுதியில் ஜயன்ட் நிறுவனத்துக்காக மைக் பர்ரோஸ் வடிவமைத்த, மேல் குழாய் சரிந்த டிசிஆர் ஃப்ரேம் வந்த பிறகு, சில அளவுகளைக் கொண்டே எல்லோருக்கும் பொருத்திவிடலாம் என்ற போக்கு வலுத்தது. நடுத்தர உயரத்தினருக்கு அது பெரும்பாலும் சரிதான்; அவர்களுக்கு அளவெடுத்துச் செய்யும் ஃப்ரேம் தேவையில்லை என்றே நான் சொல்வேன். உங்களுக்குத் தேவை. அது ரோடு சைக்கிளாக இருக்கட்டும், ஏனென்றால் ஒரே நிலையில் பல மணி நேரம் உட்காருவது அதில்தான். வழக்கமான 700சி சக்கரத்தை விட்டு அதைவிடச் சிறிய 650பி சக்கரத்துக்குப் போகலாமா என்றும் பட்டறையில் கேளுங்கள். கால் இடிக்கும் தொல்லையை வேரோடு நீக்க அதுவே நேரான வழி.

மறுமொழி 2

முந்தைய நண்பரின் முடிவை ஏற்கிறேன். சைக்ளோகிராஸ் பக்கத்திலிருந்து ஒரு காரணம் சேர்க்கிறேன். சேறு அதிகமான பந்தயங்களில் பிட் பகுதியில் (மாற்றுச் சைக்கிள் வைத்திருக்கும் இடத்தில்) சைக்கிளை மாற்றிக்கொண்டுதான் ஓட வேண்டியிருக்கும், சில நாட்களில் அரைச் சுற்றுக்கு ஒருமுறைகூட. இரண்டாவது சைக்கிளில் சீட்டும் பிரேக் பிடியும் வேறு இடத்தில் இருந்தால் ஏறியவுடன் தடுமாற்றம்தான். ஆகவே உங்களுக்கு நெருங்கிப் பொருந்தும் ஒரே மாதிரியான இரண்டு ஆயத்த ஃப்ரேம்கள், பழையதாக வாங்கினாலும், பட்டறையில் செய்த ஒன்றைவிட அதிகம் பயன்படும். விழுவதும் சேற்றைக் கழுவுவதும் ஒவ்வொரு வாரமும் நடக்கும். தரநிலைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன: யூசிஐ (உலக சைக்கிள் பந்தயச் சம்மேளனம்) 2010இல் சைக்ளோகிராஸில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்த பிறகு, சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய கான்டிலீவர் பிரேக்குக்காக ஆசையோடு செய்யப்பட்ட நல்ல ஃப்ரேம்கள் எத்தனையோ ஒதுங்கிப்போயின.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆனால் அண்ணா, சைக்ளோகிராஸில் சைக்கிளைத் தோளில் தூக்கி ஓட வேண்டியிருக்கிறதே? சிறிய ஆயத்த ஃப்ரேமில் மேல் குழாய் சரிந்திருப்பதால் முக்கோணத்துக்குள் என் கை நுழைய இடமே இல்லை. மெதுவான வளைவுகளும் அங்கேதான் அதிகம், கால் இடிப்பதும் அங்கேதான் ஆபத்து.

மறுமொழி 1

நியாயமான கேள்வி. அளவு கொடுத்துச் செய்தாலும் 157 செ.மீ. உயரத்துக்கு அந்த முக்கோணம் ஓரளவுக்கு மேல் பெரிதாகாது. ஒரு விரல், இரு விரல் இடம் கூடும், அவ்வளவே. பாட்டில் தாங்கியைக் கழற்றிவிட்டு, பிரேக் வயர் மேல் குழாயின் கீழே தொங்காத ஃப்ரேமாகப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் கீழ்க் குழாயைப் பிடித்து, தோளில் ஏற்றாமல் இடுப்புயரத்தில் தூக்கி ஓடுவதைப் பழகுங்கள். குட்டையானவர்கள் பலர் அப்படித்தான் ஓடுகிறார்கள். கால் இடிப்பதற்கு முதலில் 165 மி.மீ. அல்லது அதற்கும் குட்டையான கிராங்க் போடுங்கள், 170 மி.மீ. கிராங்க்கோடு ஒப்பிட்டால் 5 மி.மீ. உடனே கிடைக்கும். ஆயத்த ஃப்ரேமில் 33 மி.மீ. டயரின் இரு பக்கமும் சேறு வழிய இடம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே சக்கரத்தைப் பொருத்திப் பாருங்கள்.

ரோடு ஃப்ரேமுக்கு முன்பணம் கொடுக்குமுன், ஒரு நல்ல ஃபிட்டரிடம் (உடலுக்கேற்ற சைக்கிள் அளவைக் கணிப்பவரிடம்) சென்று, மாற்றியமைக்கக்கூடிய இயந்திரத்தில் உட்கார்ந்து சீட்டின் உயரம், சீட்டின் பின்தள்ளல், ஹேண்டில்பாரின் இடம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பிறகு பட்டறை தரும் வரைபடத்தில் ட்ரெயில், கிராங்க் அச்சிலிருந்து முன்சக்கர அச்சுவரை உள்ள தொலைவு, ஸ்டெம் நீளம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஸ்டெம் 80 மி.மீ.க்குக் குறையாமல் வரைந்து தரும்படி கேளுங்கள். பிற்காலத்தில் முதுகு இறுகினால் ஹேண்டில்பாரை அருகில் கொண்டுவர அப்போது இடமிருக்கும். குழாயின் தடிமனையும் உங்கள் எடைக்கு ஏற்பத் தேர்வு செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் சிறிய ஃப்ரேமின் குட்டைக் குழாய்கள் இயல்பிலேயே விறைப்பானவை. பெரிய உடலுக்கான தடிமனை அதில் போட்டால் நீண்ட சாலைகளில் கையும் இடுப்பும் நோகும்.