மனித மூளை இல்லாத ஓர் அறிவு எதிரே வந்து நின்றபோது

பழைய அறிவியல் புனைகதை படிக்கும்போது, மனிதர் அல்லாத ஓர் அறிவு நிஜமாகவே எதிரே வந்து நின்ற மாதிரி உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? 1940-களிலிருந்து 60-கள் வரை வந்த கதைகளை மட்டும் வைத்துப் பேசலாம் என்று ஆசை. நானே தொடங்குகிறேன்.

எனக்கு அது ஃப்ரெட் ஹாயில் 1957-இல் எழுதிய 'தி பிளாக் கிளவுட்'. ஹாயில் கேம்பிரிட்ஜில் இருந்த வானியலாளர். கார்பன் முதலான தனிமங்கள் விண்மீன்களுக்குள் எப்படி உருவாகின்றன என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர். அதனால் நாவலின் முதல் பாதி கணக்கும் வாதமுமாகவே நகரும். கரிய வாயு மேகம் ஒன்று சூரியனை நோக்கி வருகிறது, வெயிலை மறைக்கிறது, பூமி குளிரில் உறைகிறது. பேரிடர் கதை என்றுதான் நானும் படித்துக்கொண்டு போனேன்.

அப்புறம் விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார்கள். ரேடியோ ஒலிபரப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேல் வளிமண்டலம் அயனியாகி, அதாவது மின்னூட்டம் பெற்று, அதை அடைத்துவிடுகிறது. அலைநீளத்தை மாற்றினால் அடைப்பும் அதற்கேற்ப மாறுகிறது. இயற்கை இப்படி ஆளுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளாது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் நடந்தேன்.

மேகம் பேசத் தொடங்கியதும் அது எதற்கு வியக்கிறது தெரியுமா? ஒரு கோளின் தரையில் சிந்திக்கும் உயிர் இருப்பதற்கு! அவ்வளவு ஈர்ப்புவிசைக்குள் உடல் பெரிதாக வளர முடியாது, மூளையும் வளர முடியாது என்பது அதன் கணக்கு. அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் விசித்திரப் பிராணி நாம்தான். இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன்.

கடைசியில், தனக்குத் தெரிந்ததைக் கற்றுத்தர மேகம் சம்மதிக்கிறது. கற்க உட்காரும் விஞ்ஞானி கிறிஸ் கிங்ஸ்லி இறந்துபோகிறார். ஏற்கெனவே நம்பியிருந்ததும் புதிதாக வந்ததும் ஒரே தலைக்குள் மோதிக்கொண்டதுதான் காரணம். அவருக்குப் பதில் அங்கிருந்த தோட்டக்காரரை உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றுகூட அதில் ஒரு பேச்சு வரும். நிறையப் படித்தவர்களின் ஆபத்தை இதைவிட நன்றாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

* * *

நீங்கள் சொன்ன மேகம் பேசுகிறது, சார். என்னை உலுக்கியது பேசாத ஒன்று. ஸ்தானிஸ்வாஃப் லெம்மின் 'சோலாரிஸ்', 1961. கோள் முழுக்கப் பரவிய கடல். அது சிந்திக்கிறதா என்று பல தலைமுறையாக ஆராய்ந்து நூலகம் நூலகமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். கடல் அதையெல்லாம் கண்டுகொண்ட மாதிரியே தெரியாது.

ஆனால் நான் எழுத வந்தது கடலைப் பற்றி அல்ல, ஹாரியைப் பற்றி. அந்தக் கோளை ஆராய வந்த கெல்வினின் இறந்துபோன மனைவி. அவன் நினைவிலிருந்து எடுத்து அந்தக் கடல் மறுபடி உருவாக்கி அனுப்புகிறது. முதலில் அவளை நானும் ஒரு பயமுறுத்தும் தோற்றமாகத்தான் படித்தேன். அவன் கண்ணை விட்டு மறைந்தால் கதவைப் பிய்த்துக்கொண்டு வருவாள், காயம் தானாக ஆறிவிடும். ஒரு கட்டத்தில், தான் அந்த ஹாரி இல்லை என்பது அவளுக்கே தெரிந்துவிடுகிறது. திரவ ஆக்சிஜனைக் குடிக்கிறாள். சாகவும் முடியவில்லை, உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது.

அம்மா இறந்த வருடம் அதைப் படித்தேன். யாராவது அம்மாவைப் போலவே ஒருத்தியைச் செய்து அனுப்பினால் கதவைத் திறப்பேனா என்ற கேள்வி பல நாள் கூடவே இருந்தது. அதைவிடக் கஷ்டமான கேள்வி பிறகு வந்தது: வாசலில் நிற்பவளுக்கு அப்போது எப்படி இருக்கும்? செயற்கை மனத்துக்கு உணர்வு உண்டா என்று இப்போது ஊரெல்லாம் விவாதம் நடக்கிறது. லெம் விவாதிக்கவே இல்லை. அவள் வேதனையைக் காட்டிவிட்டு, இனி நீ சொல் என்று விட்டுவிடுகிறார்.

* * *

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச். டயல் சுற்றினால் செலக்டர் என்கிற சுவிட்ச் மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, அடுத்த லைனைப் பிடிக்கும். பகலில் காது அடைக்கும் சத்தம். இரவு ஷிஃப்டில் அங்கொன்று இங்கொன்றாகக் கேட்கும். மழைக்காலத்தில் கேபிளில் தண்ணீர் இறங்கிவிட்டால், யாரும் ரிசீவரை எடுக்காமலே லைன் பிடித்துக்கொண்டு செலக்டர் காத்து நிற்கும்.

இந்த வேலையில் இருந்தபோதுதான் ஆர்தர் சி. கிளார்க்கின் 'டயல் எஃப் ஃபார் ஃபிராங்கன்ஸ்டைன்' கிடைத்தது. 1960-களில் வந்த சின்னக் கதை. செயற்கைக்கோள்கள் வழியாக உலகத் தொலைபேசி வலை முழுவதும் ஒன்றாக இணைந்த பிறகு, ஒரு நள்ளிரவில் எல்லா ஃபோன்களும் சேர்ந்து அடிக்கின்றன. எடுத்தால் கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம், பேச்சு இல்லை. எக்ஸ்சேஞ்சுகளில் உள்ள சுவிட்சுகளை மூளையின் நியூரான்களோடு ஒப்பிட்டு, பொறியாளர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கள் கேன்டீன் பேச்சு மாதிரியே இருந்தது.

செயற்கைக்கோளைப் பூமியோடு சேர்ந்தே சுற்றும் உயரத்தில் நிறுத்தித் தகவல் அனுப்பலாம் என்று 1945-இலேயே கட்டுரை எழுதியவர் கிளார்க். 1956-இல் இலங்கைக்கு வந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். தான் முன்மொழிந்த அதே வலைக்குள் மனம் முளைத்தால் என்ன ஆகும் என்று அவரே யோசித்திருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

கதையில் அந்த மனத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இணைப்புகள் ஓர் அளவைத் தாண்டின, அவ்வளவுதான். அதற்கு நம்மேல் பகையும் கிடையாது. பிறந்த குழந்தைக்குப் பசிக்கும், கைகாலை அசைத்துப் பார்க்கும். இதற்கு வங்கிக் கணக்கும் சாலை விளக்கும்தான் கைகால். அணைத்துவிடலாம் என்று அவர்கள் முடிவெடுக்கும்போது நேரம் கடந்துவிடுகிறது. அதைப் படித்த பிறகு இரவு ஷிஃப்டில் செலக்டர் தனியாக ஏறினால், கோளாறுப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று கேட்பேன்.

மரே லைன்ஸ்டரின் 'ஃபர்ஸ்ட் காண்டாக்ட்' (1945) படித்தவர்கள் யாராவது எழுதுங்கள். நண்டு நெபுலா என்ற விண்வாயு மேகத்தில் சந்திக்கும் மனிதரின் விண்கப்பலும் வேற்றுலகத்தாரின் விண்கப்பலும், பின்தொடர்ந்து வந்து ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் இரண்டுமே வீடு திரும்ப முடியாமல் நிற்கும். அவர்கள் கண்ட தீர்வு இன்றைக்கும் செல்லும் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.