சக்கரத்தை உருட்டினால் சுட்டியின் கீழிருக்கும் இடம் நழுவிப்போகிறது

கேள்வி

வணக்கம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் டைல்களை (சதுரப் படத்துண்டுகளை) உலாவியின் கேன்வாஸ் என்ற வரைபரப்பில் வரைந்து காட்டும் சிறு செயலி ஒன்றை, கற்றுக்கொள்ளும் நோக்கில், ஆயத்த நிரல் நூலகம் எதையும் சேர்க்காமல் எழுதிவருகிறேன். இழுத்து நகர்த்துவது ஓரளவு சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒரு தெருமுனையின்மேல் சுட்டியை வைத்துச் சக்கரத்தை உருட்டினால், படம் பெரிதாகும்போது அந்தத் தெருமுனை வலப்பக்கமாகக் கீழே ஓடிவிடுகிறது. அதைத் துரத்திப் பிடிக்க மறுபடி இழுக்க வேண்டியிருக்கிறது. மடிக்கணினியின் டச்பேடில் நிலைமை இன்னும் மோசம்: இரு விரல்களால் லேசாகத் தடவினாலே முழு நகரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் ஒரு வீட்டுக்கூரைக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு சக்கர நிகழ்வுக்கும் ஜூம் நிலையில் ஒன்றைக் கூட்டுகிறேன் அல்லது கழிக்கிறேன். பிழை எங்கே?

மறுமொழி 1

அளவை மாற்றிவிட்டு நகர்வை அப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எண்களை வைத்துப் பார்த்தால் புரியும். படத்தின் இடது ஓரம் திரையில் 100ஆவது பிக்சலிலும் சுட்டி 400இலும் இருப்பதாகக் கொண்டால், சுட்டிக்குக் கீழுள்ள இடம் படத்தின் ஓரத்திலிருந்து 300 பிக்சல் தள்ளி இருக்கிறது. அளவு இருமடங்கானதும் அந்தத் தொலைவு 600 ஆகிவிடும்; ஓரம் 100இலேயே நின்றால் தெருமுனை 700க்குப் போய்விடும். அது 400இலேயே நிற்க வேண்டுமானால் ஓரத்தை −200க்குத் தள்ள வேண்டும். அதாவது, அளவை மாற்றும் முன் சுட்டியின் கீழுள்ள வரைபடப் புள்ளியைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பின் அதே புள்ளி அதே பிக்சலில் விழுமாறு நகர்வைக் கணக்கிடுங்கள். இழுப்பதற்கும் இதே முறைதான்: பிடித்த புள்ளியை நினைவில் வையுங்கள், சிறுசிறு நகர்வுகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

மறுமொழி 2

டச்பேட் சிக்கல் வேறு. மவுஸ் சக்கரம் ஒரு கிளிக்குக்குப் பெரும்பாலும் ஒரே நிகழ்வைத்தான் அனுப்பும்; டச்பேடோ ஒரு தடவலுக்கே சிறிய மதிப்புகளுடன் பல பத்து நிகழ்வுகளை அனுப்பும். நீங்கள் கூட்டலா கழித்தலா என்ற குறியை மட்டும் பார்த்து ஒவ்வொன்றையும் முழு நிலையாக எண்ணுகிறீர்கள். எவ்வளவு உருட்டப்பட்டது என்பதைச் சொல்லும் டெல்டா ஒய் மதிப்பை ஒரு மாறிலியால் வகுத்து, அதை 2இன் அடுக்காக்கி, வருவதைக் கொண்டு அளவைப் பெருக்குங்கள். அந்த மதிப்பு பிக்சலிலா வரிகளிலா என்பதை நிகழ்விலுள்ள டெல்டா மோட் என்ற பண்பு சொல்லும், அதையும் பாருங்கள். விரல்களை விரிப்பதைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கன்ட்ரோல் விசையுடன் கூடிய சக்கர நிகழ்வாகவே தருகின்றன. அதைத் தடுக்காவிட்டால் பக்கம் முழுவதும் பெரிதாகும். நிகழ்வுக் கேட்பியை (நிகழ்வு வந்ததும் ஓடும் நிரலை) விண்டோவில் மாட்டியிருந்தால், பேசிவ் (நிகழ்வைத் தடுக்கமாட்டேன் என்ற அமைப்பு) என்பதை ஃபால்ஸ் என்று வெளிப்படையாகக் கொடுத்தாலொழிய குரோம் உங்கள் தடுப்பைப் பொருட்படுத்தாது.

(லீஃப்லெட் என்ற வரைபட நூலகத்தில், ஜூம் நிலை எந்தப் படிகளில் நிற்க வேண்டும் என்று சொல்லும் ஜூம்ஸ்னாப் மதிப்பை 0 ஆக்கினால் இடைநிலைகள் தாமாகவே கிடைக்கும். நீங்கள் கற்பதற்காக எழுதுவதால் வற்புறுத்தவில்லை.)

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டச்பேட் இப்போது அடங்கிவிட்டது. ஆனால் மவுஸில் இன்னும் நழுவுகிறது, அதுவும் கிடைமட்டமாக மட்டும். இடப்பக்கப் பட்டையை மூடினால் சரியாகிவிடுவதுதான் விந்தை. அதன் அகலம் 240 பிக்சல்.

மறுமொழி 1

விந்தை இல்லை. சுட்டியின் கிடைமட்ட இடத்தைத் தரும் கிளையன்ட் எக்ஸ் உலாவிச் சாளரத்தின் ஓரத்திலிருந்து அளக்கிறது, உங்கள் கணக்கோ கேன்வாஸின் ஓரத்திலிருந்து. கேன்வாஸின் இடது ஓர மதிப்பைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

கழித்ததும் தெருமுனை அசையாமல் நிற்கிறது. ஒன்றே ஒன்று மிச்சம்: 12.4 போன்ற இடைநிலைகளில் டைல்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன.

மறுமொழி 2

அந்த நிலையில் 256 பிக்சல் டைல் ஏறத்தாழ 337.8 பிக்சலாக விரிகிறது. ஓரங்கள் பிக்சலின் நடுவில் விழுவதால் பின்புலம் கசிகிறது. அகலத்தை முழு எண்ணாக்காதீர்கள், டைலுக்கு டைல் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு டைலின் இடது ஓரத்தையும், அடுத்த டைலின் இடது ஓரத்தையும் தனித்தனியே முழு எண்ணாக்கி, அவற்றின் வித்தியாசத்தையே அகலமாகக் கொள்ளுங்கள். சில டைல்கள் 337, சில 338 என்று வரும், கண்ணுக்குத் தெரியாது.