2003 ஜென்: கூலன்ட் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை

கருங்கல்_ஜென்:
அப்பா ஓட்டிய 2003 மாடல் மாருதி ஜென் கார், இப்போது என் கையில். தினமும் கருங்கலிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு மாதமாக வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) காணாமல் போகிறது. காலையில் வண்டியை நகர்த்திவிட்டுப் பார்த்தால் சிமெண்ட் தரை காய்ந்து கிடக்கிறது. போன வெள்ளி சாயங்காலம் தக்கலை நெரிசலில் மாட்டியபோது இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியது, ஏசியை அணைத்து ஓரங்கட்டி அரை மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு “ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயாச்சு, இஞ்சினைத் திறக்கணும், 18,000 ஆகும்” என்றார்கள். வண்டியின் மதிப்பே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. திறக்கலாமா? (மழையில் கண்ணாடி உள்பக்கம் புகை மாதிரி படிகிறது, துடைத்தாலும் போகவில்லை. அது வேறு விஷயம், அப்புறம் கேட்கிறேன்.)

தேங்காப்பட்டணம்காரன்:
தம்பி, அவசரப்பட்டு இஞ்சினில் ஸ்பேனர் போட விடாதீர்கள். கேஸ்கெட் போயிருந்தால் அது சும்மா இருக்காது, சத்தம் போட்டுச் சொல்லும். காலையில் இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் கொப்பளித்து வந்தால் சந்தேகப்படலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் பசை இருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா, ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா, இவ்வளவையும் பாருங்கள். இது எதுவும் இல்லாமல் கேஸ்கெட் என்று சொல்வது ஜோசியம்.

அடுத்து வாட்டர் பம்ப், கூலன்டைச் சுற்றவிடுவது அதுதான். அதன் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, உள்ளே சீல் தேய்ந்தால் அது வழியாகத்தான் ஒழுகும். ஓடும்போது மட்டும் ஒழுகி, சூட்டில் ஆவியாகிவிட்டால் தரைக்கு வராது, ஆனால் ஓட்டையைச் சுற்றி பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்பு பூத்தமாதிரி தடம் இருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள், அதுதான் அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது, ரப்பர் வெடித்திருந்தால் 100-லேயே கொதித்து வெளியே போகும்.

ஒன்று மட்டும், சூட்டில் மூடியைத் தொடாதீர்கள். 1998-ல் அம்பாசிடரில் நான் செய்த மடத்தனத்தின் தழும்பு இன்னும் வலது முழங்கையில் இருக்கிறது.

குலசேகரம்_ரப்பர்:
ரேடியேட்டரில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூள் போடுங்க, அடைச்சுக்கும். எங்க மாமா ஜீப்பில் அப்படித்தான் 2 வருஷம் ஓட்டினார்.

தேங்காப்பட்டணம்காரன்:
ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. மாமாவின் ஜீப் ரேடியேட்டரை அப்புறம் யார் கழற்றிக் கழுவினார்கள் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

கருங்கல்_ஜென்:
எல்லாம் பார்த்தேன். குமிழி இல்லை, ஆயில் சுத்தம், வெள்ளைப் புகை இல்லை, ஹோஸும் மெதுவாகத்தான் இறுகுகிறது. பம்பின் அடியில் கையை விட்டுத் தடவினேன், தூசிதான். மூடி ரப்பர் வெடித்திருந்தது, மாற்றினேன். அப்படியும் 5 நாளில் கூலன்ட் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

ஆரல்வாய்மொழி_காற்று:
முதல் பதிவில் அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, கண்ணாடியில் படியும் புகை, அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். விரலால் தொட்டால் எண்ணெய் மாதிரி வழுக்குகிறதா? இடதுபக்க சீட்டின் கால் மிதியைத் தூக்கிப் பாருங்கள், அடியில் ஈரம் இருக்கிறதா? ஏசி தண்ணீரும் அங்கே வரும், ஆனால் அது வெறும் தண்ணீர், வாசனை இருக்காது.

கருங்கல்_ஜென்:
ஈரம் இருக்கிறது! மழைத்தண்ணீர் என்று நினைத்து நானே இரண்டு தடவை பழைய துணியால் ஒற்றி எடுத்தேன். பிசுபிசுப்பாக இருக்கிறது, துணியில் பச்சை. வண்டிக்குள் கருப்பட்டிப் பாகு கொட்டினமாதிரி வாசனை என்று வீட்டுக்காரி ஒரு மாதமாகச் சொல்கிறாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆரல்வாய்மொழி_காற்று:
அப்போ ஹீட்டர்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் கைக்கடக்கமாக ஒரு ரேடியேட்டர் இருக்கும், நம் மாவட்டத்தில் ஹீட்டர் போடுகிற ஆள் யார், அதனால் அது இருப்பதே யாருக்கும் நினைவில் வராது. போடாவிட்டாலும் அதற்குள் கூலன்ட் நிற்கும், 20 வருஷத்தில் அரித்து வண்டிக்குள்ளேயே ஒழுகும், அதன் ஆவிதான் கண்ணாடியில் படிகிறது. அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். வேண்டாம் என்றால் இஞ்சின் பக்கமிருந்து உள்ளே போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று சேர்த்து கிளிப் போட்டுவிடுங்கள். கூலன்ட் ஹோஸ்தான் வாங்க வேண்டும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் சூட்டில் இளகிவிடும். கொடைக்கானலில் குளிரும், அவ்வளவுதான்.

திரும்ப நிரப்பும்போது கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கடற்கரைப் பக்கத்து உப்பு போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மூடியைத் திறந்து வைத்தே இஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் வால்வு) திறந்து காற்று வெளியேறி மட்டம் இறங்கியதும் மறுபடி ஊற்றுங்கள். வடித்த பழைய கூலன்டைத் தட்டில் வைத்துவிட்டு நகராதீர்கள், இனிக்கும் என்று நாய் நக்கிவிடும். கொஞ்சம் போனாலும் கிட்னியைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

கருங்கல்_ஜென்:
ஹோஸ், கிளிப் எல்லாம் சேர்த்து 280 ரூபாய். மார்த்தாண்டத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் பையன் 40 நிமிஷத்தில் முடித்தான். 3 வாரமாகிறது, பாட்டிலில் மட்டம் கோட்டை விட்டு அசையவில்லை. நேற்றும் தக்கலையில் அதே இடத்தில் நின்றேன், முள் பாதியிலேயே இருந்தது. கார்பெட்டைக் கழற்றி மதில்மேல் காயப்போட்டிருக்கிறேன், அடியிலிருந்த பஞ்சு மட்டும் இன்னும் காயவில்லை.

தேங்காப்பட்டணம்காரன்:
அந்தப் பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, அடித் தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. அப்புறம் வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.